பிந்தி வரும் சிரிப்பு

பகிடி சொல்லி முடிந்து
எல்லோரும் சிரித்து, கண் துடைத்து,
பிளேன்டீக் கோப்பையைக் கையில் எடுத்த பிறகுதான்
எனக்குச் சிரிப்பு வரும்.

யூனியன் பிளேஸில் ஏழாம் மாடி,
வாகனக் காப்புறுதிப் பிரிவு.
பிரியங்கர சிங்களத்தில் சொல்வான்,
வேகமாக, பாதியை விழுங்கி.
பதினொரு வருஷம் நான் மொழியைத்தான் பழி சொன்னேன்.
சொல்லைப் பிடித்து, தமிழுக்குள் கூட்டி வந்து,
கதிரையில் இருத்தி, முகத்தைப் பார்த்து,
ஓ, நீதானா என்று விளங்க
நேரம் எடுக்கும்தானே.

சிங்களம் பாவம்.

போன ஆவணியில் சாருமதியின் கல்யாணம்,
பம்பலப்பிட்டியில் குளிரூட்டிய மண்டபம்.
மேசையில் பத்துப் பேரும் சொந்தம்.
சித்தப்பா மாப்பிள்ளையின் மீசையைப் பற்றி
ஏதோ சொன்னார், சுத்தமான தமிழில்.
மேசை குலுங்கிப் பாயசம் தளும்பியது.
நான் மற்றவர்களின் பல்லைப் பார்த்து
என் பல்லைத் திறந்தேன்.
அசல் சிரிப்பு வந்து சேர்ந்தபோது
பெண்ணை அனுப்பிவிட்டுத் தாய்
காரின் கதவைப் பிடித்து அழுதுகொண்டிருந்தாள்.

இருமினேன்.
என் சிரிப்பில் முக்கால்வாசி
இந்த ஊரில் இருமலாகத்தான் பதிவாகியிருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் முதலில் பிந்தியது சிரிப்பில்லை, கோல்.
கொட்டாஞ்சேனையில், நாலாம் வகுப்பில், கோலாட்டம்:
பதினைந்து சோடிக் கோல்கள் ஒன்றாய் முட்ட
என்னுடையது காற்றை அடித்தது.
டீச்சர் என்னைத் திரை இழுக்க விட்டார்.
திரையும் பிந்தியது.

மந்தம் என்று நினைக்காதீர்கள்.
விபத்துக் கோப்பில் பொய் எந்த வரியில் படுத்திருக்கிறது என்று
முதலில் காண்பவள் நான்.
நசுங்கிய பம்பருக்கும் எழுதிய கதைக்கும் நடுவில்
ஒரு விரற்கடை இடைவெளி இருக்கும், அது எனக்குத் தெரியும்.
மனிதருக்கும் எனக்கும் நடுவில் கிடப்பதைத்தான்
அளக்கத் தெரியவில்லை.

தொடர்மாடியில், லிஃப்டுக்குள்,
ஐந்தாம் மாடி ருஸ்லான் கேட்பார்: சாப்பிட்டாச்சா?
நான் உண்மையாகவே யோசிப்பேன்.
காலையில் ஒன்றரைத் துண்டுப் பாண்,
அதைச் சாப்பாடு என்று சொல்லலாமா?
கதவு திறக்கும், அவர் போவார், கதவு மூடும்.
இல்லை, இனித்தான், என்பேன்
இரும்புக்கு.

அப்பாவுக்காக நான் அழவில்லை என்று
மங்களம் மாமி இன்றைக்கும் சொல்லித் திரிகிறா.
உண்மைதான். பொரளைக் கனத்தையில்
என் கண் காய்ந்துதான் கிடந்தது.
எட்டு மாதம் கழித்து, சூப்பர்மார்க்கெட்டில்,
நெத்தலிப் பைக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு
நான் நின்ற நிலையை
மாமி பார்க்கவில்லை.
காவற்காரப் பையன் ஒரு வாளியைக் கவிழ்த்து
இருக்கச் சொன்னான்.

நேற்று மழை. நூறாம் இலக்க பஸ்.
கொள்ளுப்பிட்டியில் ஒரு ஆள் ஏறும்போது கேட்டார்:
இது மிருகக்காட்சிசாலைக்குப் போகுமா?
அவ்வளவு தூரம் ஏன் ஐயா,
டிக்கற்றை எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள்,
என்றான் கொண்டக்டர்.
ஈரக் குடைகளோடு பஸ் முழுக்கச் சிரித்தது.
நான் யன்னலைத் துடைத்தேன்.

பம்பலப்பிட்டி போனது.
மிலாகிரியவுக்குக் கிட்ட,
எல்லோரும் தங்கள் தொலைபேசிக்குள் திரும்பிவிட்ட அமைதியில்
அது வந்தது.
வயிற்றிலிருந்து, சத்தமாக, தனியாக.
பக்கத்துப் பெண் தன் பையை மற்ற மடிக்கு மாற்றினாள்.
ஒரு குழந்தை திரும்பிப் பார்த்து,
பார்த்தபடியே இருந்தது.
கை வாய்க்குப் போனது, பாதியில் இறக்கினேன்.
இருமவில்லை.
வெள்ளவத்தை வரைக்கும் சிரித்தேன்,
கண்ணீர் வழிய, மூக்கு ஒழுக.

கொண்டக்டர் என்னை விசித்திரமாய்ப் பார்த்தான்.
அது தன் பகிடிதான் என்று
அவனுக்கு எப்படித் தெரியும்?
பிறகு தாறேன் என்று சொல்லியிருந்த
மீதி இருபது ரூபாயை
இறங்கும் படியில் வைத்துத் தந்தான்.